குடியை நிறுத்திய மூன்றாம் நாள்: எதைக் கவனிப்பது, எப்போது ஓடுவது

கேள்வி: அக்காவின் கணவருக்கு வயது 46. பல வருடங்களாகத் தினமும் குடி. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். இரண்டு நாள் கை நடுங்கியது, தூக்கமே இல்லை. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூரான் ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார், வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்கிறார், தன் வீட்டில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. காற்றுக் கருப்பு, மந்திரிக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். இது என்ன? இப்படி ஆகும் என்று முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்:

முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். மீதியை ஆம்புலன்ஸ் வருவதற்குள் படித்துக்கொள்ளலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, இடமும் நாளும் புரியாமல் போவது, உடம்பு நடுங்குவது ஆகிய மூன்றும், கடைசியாகக் குடித்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சேர்ந்து வந்தால் அதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். நேரத்தோடு சிகிச்சை கிடைத்தால் இதில் இறப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. வீட்டிலேயே போட்டு வைத்தால் அந்தக் கணக்கு பதினைந்தைத் தாண்டலாம். காய்ச்சல் ஏறும், வியர்த்தே உடம்பில் நீர் வற்றும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மந்திரிப்பதைப் பத்து நாள் கழித்தும் செய்துகொள்ளலாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை: அறையில் விளக்கு எரியட்டும். இருட்டிலும் நிழலிலும்தான் பூச்சியும் ஆளும் அதிகம் தெரியும். அவருக்கு நன்றாகப் பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, பெயர் சொல்லி, இது நம் வீடுதான் என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லட்டும். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று வாதாடாதீர்கள். அவருக்கு அது உண்மையாகவே தெரிகிறது. கத்தி, அரிவாள்மனை, மண்ணெண்ணெய் கைக்கு எட்டாமல் போகட்டும். மாடிப்படியையும் கிணற்றடியையும் மறித்து ஆள் நிற்கட்டும். கயிற்றில் கட்டிப் போடாதீர்கள். திமிறத் திமிற உடம்புச் சூடு ஏறும், வாந்தி வந்தால் புரையேறும். வீட்டில் யாருக்கோ வாங்கிய தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். "ஒரு கட்டிங் ஊற்றினால் அடங்கிவிடுவார்" என்று யாராவது சொல்வார்கள். நினைவு தப்பிய ஆளின் வாயில் சாராயம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள்தான் போகும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, மணி பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ வேண்டாம். அது வலிப்பை நிறுத்தாது, பல்லிலும் முகத்திலும் இடிக்கத்தான் செய்யும். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் போகக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108-க்கு மறுபடி அடித்துச் சொல்லுங்கள்.

இனி, இது ஏன் வருகிறது என்பது. குடித்தால் ஆபத்து, நிறுத்திவிட்டால் பிழைத்தோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்த மூளைக்கு முதல் ஐந்து நாள் இது தலைகீழ். மது மூளையை அடக்கும் பொருள். காபா என்ற அடக்கும் ரசாயனத்துக்குத் துணை போகும், குளுட்டமேட் என்ற தூண்டும் ரசாயனத்தைத் தடுக்கும். தினமும் அப்படி அழுத்தினால் மூளை ஈடுகட்டத் தொடங்குகிறது. அடக்கும் வாயில்களின் வேலை குறைகிறது, தூண்டும் வாயில்கள் பெருகுகின்றன. திடீரென்று மது நின்றால், பிரேக் கட்டையை எடுத்துவிட்டு ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்த வண்டிதான். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு, பிரமை எல்லாம் அந்த ஓட்டத்தின் படிகள்.

ஆகவே கணக்குப் பார்க்க வேண்டியது கடைசியாகக் குடித்த நேரத்திலிருந்து. ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். இரவு பத்து மணிக்குக் குடித்தவருக்கு விடியற்காலையில் கை உதறுவது இதனால்தான். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் ஆறிலிருந்து நாற்பத்தெட்டு மணிக்குள், அதிலும் முதல் நாள் முடிகிற சமயத்தில் அதிகம். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் சிலருக்குக் காதில் குரல் கேட்கும், பூச்சி தெரியும். ஆனால் இன்று என்ன கிழமை, எந்த ஊர், எதிரில் இருப்பவர் யார் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். இந்தக் கட்டமும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான், ஆனாலும் அது டெலிரியம் அல்ல. இரண்டாம் நாள் முடிந்து, அதே மூன்று கேள்விக்கும் பதில் குழம்பினால்தான் அது டெலிரியம். இரண்டு நாள் ஓரளவு தெளிந்த மாதிரி இருந்து மூன்றாம் இரவில் கவிழ்வதும் உண்டு. பலர் ஏமாறுவது அங்கேதான்: "இரண்டு நாள் தாண்டிவிட்டார், இனிப் பயமில்லை" என்று காவலை விலக்கிவிடுகிறார்கள். ஐந்தாம் நாள் முடியும்வரை தனியே விடக் கூடாது.

இந்த மூன்றாம் நாள் இரவு மாலை போட்ட வீட்டில் மட்டும் வருவதில்லை. கால் முறிந்தோ, குடலிறக்கத்துக்கு அறுவை செய்தோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குடிப்பழக்கமுள்ளவர் இரண்டாம் மூன்றாம் இரவில் டிரிப் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால், பல சமயம் காரணம் இதுவே. மயக்க மருந்து கொடுக்கும் முன் "குடிப்பீர்களா?" என்று கேட்டபோது மனைவி பக்கத்தில் இருந்ததால் "எப்போதாவது" என்று சொல்லியிருப்பார். சிறைக்குப் போன முதல் வாரம், துக்க வீட்டில் மாட்டிக்கொண்ட நாட்கள், 2020 ஊரடங்கில் கடை மூடிய வாரங்கள் எல்லாமே இதற்கு வாய்ப்பான காலம்தான்.

எல்லாக் குடிகாரருக்கும் இப்படி ஆகாது. பெரும்பாலானவர்களுக்கு நடுக்கத்தோடும் தூக்கமின்மையோடும் முடிந்துவிடும். யாருக்கு முற்றும் என்பதற்குச் சில குறிகள் உண்டு. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்போ பிரமையோ வந்தவர் முதலிடம். இந்தப் பாதிப்பு தடவைக்குத் தடவை கூடும். போன முறை கை நடுக்கத்தோடு போனது இந்த முறை வலிப்பில் போய் நிற்கலாம். மஞ்சள் காமாலை, காய்ச்சல், சளி, தலையில் அடி, பல நாள் சாப்பாடில்லாமை, கூடவே தூக்க மாத்திரைப் பழக்கம் ஆகியவை அடுத்தது. இன்னும் வாயில் மது வாடை இருக்கும்போதே கை நடுங்க ஆரம்பிப்பவர் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இவர்கள் வீட்டில் ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் என்றால், அதுவரை அளவைக் குறைத்தபடி குடிப்பதே திடீரென்று நிறுத்துவதைவிடப் பாதுகாப்பு. கேட்க வினோதமாக இருந்தாலும் உண்மை அதுதான். விரதத்துக்கு இது இடைஞ்சல் என்றால், மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மனநலப் பிரிவில் காட்டி, மாத்திரையோடு நிறுத்திவிட்டுப் பிறகு மாலை போடலாம்.

வீட்டிலேயே தீவிரம் அறிய: இரண்டு கைகளையும் நீட்டி விரலை அகட்டச் சொல்லுங்கள். நீட்டினால்தான் நடுக்கம் தெரிகிறது என்றால் ஆரம்பம். நீட்டாமலே தெரிந்தால், டம்ளர் தண்ணீர் வாய்க்குப் போவதற்குள் சிந்தினால், முற்றுகிறது. உள்ளங்கை மட்டும் ஈரமா, நெற்றியில் முத்து முத்தாக வியர்வையா என்று பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம். 120 என்றால் அவசரப் பிரிவு.

குழப்பமாகப் பேசுகிற எல்லாக் குடிகாரருக்கும் டெலிரியம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை தாழ்ந்தாலும் வியர்த்து நடுங்கிக் குழம்புவார்கள். சாப்பிடாமல் குடிப்பவருக்கும் சர்க்கரை மாத்திரை போடுபவருக்கும் இது சுலபமாக வரும். குளுக்கோமீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். பத்து நாள் முன்பு விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே மெல்ல ரத்தம் கசிந்தாலும் இதே மாதிரி இருக்கும். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, துடிப்புக்குப் பதில் மந்தமாகத் தூங்கி வழிந்து, நீட்டிய கை சிறகடிப்பது போல விட்டுவிட்டு விழுந்தால் அது ஈரல் செயலிழந்து மூளையைப் பாதிப்பது. அதற்கு நடுக்கத்துக்குக் கொடுக்கிற அமைதி மருந்தைக் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொன்று, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்" என்று தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போவது. நெடுநாள் குடியில் தயமின் என்னும் பி1 வைட்டமின் உடம்பில் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். குழப்பம், கண் இரட்டையாகத் தெரிதல் அல்லது கருவிழி ஆடுதல், கால் அகட்டித் தள்ளாடும் நடை என்று வெர்னிக்கி நோய் தலைகாட்டும். தவறவிட்டால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிடலாம். குடிப்பவருக்கு வயிற்றின் வழியே தயமின் சரியாக ஏறாது என்பதால் முதல் நாட்களில் ஊசியாகவே போடுவார்கள். சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது. தயமினும் கூடவே போக வேண்டும். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் குளோர்டயஸெபாக்ஸைடு அல்லது டயஸெபாம், ஈரல் கெட்டிருந்தால் லோரஸெபாம் என்ற அமைதி மருந்துகள். முதலிரண்டு நாள் முழு அளவில் கொடுத்து, வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இந்த மாத்திரைக்கும் அடிமையாகலாம். சீட்டில் எழுதிய நாளுக்கு மேல் தொடர விடாதீர்கள், மாத்திரைப் பெட்டியின் சாவி மனைவியிடம் இருக்கட்டும்.

முன்பே தெரியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அளவை எண்ணிப் பார்த்தால் பாதி தெரியும். 42.8 சதவீதச் சரக்கில் 30 மில்லி என்பது கிட்டத்தட்ட 10 கிராம் ஆல்கஹால். இதை ஓர் அலகு என்று வையுங்கள். கட்டிங் (90 மில்லி) மூன்று அலகு, குவார்ட்டர் (180 மில்லி) ஆறு, ஆஃப் சுமார் பன்னிரண்டு. 650 மில்லி பீர், 5 சதவீதமானால் இரண்டரை. ஸ்ட்ராங் என்று விற்கும் 8 சதவீத பீர் நான்கு. "நான் வெறும் பீர்தான்" என்று இரண்டு ஸ்ட்ராங் குடிப்பவர் குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். உடம்பு ஓர் அலகைச் செரிக்கச் சுமாராக ஒரு மணி நேரம் எடுக்கும். இதை எலுமிச்சைச் சாறும் மோரும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் ஒரு நிமிடம்கூடக் குறைக்காது. இரவு பன்னிரண்டுக்கு ஆஃப் முடித்தவர் காலை எட்டு மணிக்கு வண்டி எடுத்தால், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட அளவைத் தாண்டியே இருப்பார்.

மீதிப் பாதி நடத்தையில் தெரியும். குடிநோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்வது ஆறு குறிகளை வைத்து. ஒரு வருடத்துக்குள் மூன்று சேர்ந்து இருந்தால் போதும். குடிக்க வேண்டும் என்ற அடக்க முடியாத உந்துதல். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போவது. நிறுத்தினால் நடுக்கம் முதலியவை வருவது. அதே போதைக்கு அளவு கூடிக்கொண்டே போவது. மற்ற வேலையும் உறவும் பொழுதுபோக்கும் சுருங்குவது. கெடுதல் என்று தெரிந்தும் தொடர்வது. இதில் நம் வீடுகளில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுவது நான்காவது குறி. "ஆஃப் அடித்தாலும் ஆடாமல் நடப்பார், அவரைக் குடிகாரன் என்று சொல்லவே முடியாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆடாமல் நடப்பதுதான் அறிகுறி. அத்தனை மதுவுக்கு அவர் மூளை பழகிவிட்டது, நிறுத்தினால் அவருக்குத்தான் அதிகம் உதறும்.

காலைக் குடி இன்னும் உறுதியான குறி. டாஸ்மாக் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். அதற்கு முன்பே குடிக்க வேண்டியிருப்பவர் முந்தின இரவே ஒரு கட்டிங்கை மிச்சம் வைப்பார். குளியலறையில், வண்டி டிக்கியில், மாட்டுத் தொழுவத்தில் பாட்டில் கிடைக்கும். அல்லது விடியற்காலையில் கூடுதல் விலைக்கு விற்கும் ஆள் அவருக்குத் தெரிந்திருக்கும். காலையில் கையெழுத்துப் போட, சவரம் செய்ய, டீ டம்ளர் பிடிக்கத் தடுமாறி, ஒரு மணி நேரத்தில் கை நிதானமாகிவிட்டால் நடுவில் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். காலை உணவே இறங்காமல் குமட்டுவது, கன்னத்தின் கீழ் இரண்டு பக்கமும் வீக்கம், சிவந்த உள்ளங்கை, மாரில் சிலந்தி வடிவில் ரத்தக் கோடுகள் எல்லாம் பின்னால் வருபவை. ரத்தப் பரிசோதனையில் ஜிஜிடி என்ற ஈரல் நொதி கூடியிருப்பதும் சிவப்பணுக்கள் பெரிதாகியிருப்பதும் சந்தேகத்தைப் பலப்படுத்தும்; இயல்பாக வந்தால் குடி இல்லை என்று பொருளில்லை.

இனி, குடித்திருக்கும்போதே வரும் ஆபத்து. குழறுவது, தள்ளாடுவது, அழுவது, சண்டை போடுவது எல்லாரும் அறிந்தவை. "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடக் கூடாத ஆள் யார் என்பதே கேள்வி. தோளைக் குலுக்கி, மார்பெலும்பை முட்டியால் அழுத்தித் தேய்த்தும் கண் திறக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவில் பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உடம்பு சில்லிட்டு உதடு நீலம், தூக்கத்திலேயே வாந்தி, தலையில் அடி. இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். அதுவரை மல்லாக்கப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து வையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்.

கள்ளச்சாராயமாக இருந்தால் கணக்கே வேறு. அதில் கலந்திருக்கக்கூடிய மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைக் குடித்தவர் முதலில் சாதாரண போதையில்தான் இருப்பார். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாற அரை நாள், ஒரு நாள் ஆகும். கூடவே நல்ல சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப் போகும். பிறகு வயிற்று வலி, வாந்தி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பனிமூட்டத்தில் பார்ப்பது போல மங்கும் பார்வை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறுநாளும் கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் அது ஹேங்ஓவர் அல்ல. அவரோடு குடித்தவர்கள், இன்னும் அறிகுறி இல்லாதவர்கள் உட்பட, எல்லாரும் உடனே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்ற போதைகளைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணின் பாப்பா நல்ல துப்புக் கொடுக்கும். ஹெராயின், டாபென்டடால் என்ற வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வகையில் பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும், ஆள் தூங்கி விழுவார். மூச்சு நிற்பதுதான் சாவு. நலாக்சோன் ஊசி அதை மாற்றும், ஆனால் சிறிது நேரத்தில் அதன் வேலை தீர்ந்து மறுபடி மூச்சு அடங்கலாம் என்பதால் எழுந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் பையன்களுக்கு முன்கையில் தழும்பும் சீழ்க்கட்டியும் இருக்கும், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுவார்கள். நிறுத்தினால் பாப்பா விரியும், மூக்கும் கண்ணும் ஒழுகும், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் வலி. பார்க்கவே பயமாக இருந்தாலும் இது மதுவைப் போல உயிரைப் பறிப்பது அரிது. ஆபத்து பிறகுதான்: இரண்டு வாரம் விட்டுவிட்டு மறுபடி பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது.

மெத்தம்பெட்டமைன் என்ற தூண்டும் போதைப்பொருளை எடுத்தவர் பாப்பா விரிந்து, இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல், தாடையை நறநறத்து, எல்லாரையும் சந்தேகப்படுவார். இறங்கியதும் ஒன்றிரண்டு நாள் அடித்துப்போட்ட தூக்கம், பிறகு கடும் மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வரும் நாட்கள் அவை. கஞ்சாவில் கண் சிவப்பும் அகோரப் பசியும். நிறுத்தினால் எரிச்சல், பசியின்மை, விட்டுவிட்ட தூக்கம். தூக்க மாத்திரைக்கு அடிமையானவர் திடீரென்று நிறுத்தினால் மதுவைப் போலவே வலிப்பு வரும், சில மாத்திரைகளில் ஒரு வாரம் கழித்துக்கூட. பஞ்சர் சொல்யூஷன், தின்னர் மோந்து பார்க்கும் சிறுவர்களின் சட்டையில் வாடையும் வாயைச் சுற்றிப் புண்ணும் இருக்கும். கையும் களவுமாகப் பிடிபட்டால் கத்தித் துரத்தாதீர்கள். திடுக்கிட்டு ஓடும்போது இதயம் நின்றுபோவது உண்டு.

உங்கள் அக்காவிடம் யாராவது "அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடு, குடியை மறந்துவிடுவார்" என்று ஒரு மாத்திரையையோ பொடியையோ நீட்டலாம். பெரும்பாலும் உள்ளே இருப்பது டைசல்ஃபிராம். அது குடியை மறக்க வைப்பதில்லை. அதோடு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழ வைக்கிறது. தெரிந்து விரும்பிச் சாப்பிடுபவருக்கு அந்தப் பயமே காவல். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல ஆஃப் அடித்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் பிடி இருக்கும்.

ஆளை ஏமாற்றித் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டி வைக்கும் "மறுவாழ்வு மையங்கள்" இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். மருத்துவரும் செவிலியரும் இரவில் இல்லாத இடத்தில் முதல் ஐந்து நாளைக் கழிக்கக் கூடாது. டெலிரியம் வருவதே அந்த நாட்களில்தான். 2017 மனநலச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்குத் தனி விதிகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் காசு இல்லை. பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416.

இப்போது அவசரப் பிரிவில் கேட்கும் முன்பே சொல்ல வேண்டியவை: கடைசியாகக் குடித்த நாளும் மணியும். தினசரி எவ்வளவு, என்ன சரக்கு (வெட்கப்பட்டுக் குறைத்துச் சொன்னால் மருந்தும் குறைந்துபோகும்). முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா. இந்த வாரத்தில் எங்காவது விழுந்தாரா. சர்க்கரை, ஈரல் நோய், காய்ச்சல் உண்டா. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா. இருந்தால் அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் ஏற்கெனவே குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லி, தயமின் போட்டார்களா என்று கேளுங்கள்.